டெல்டா பக்கத்துச் சின்ன அறக்கட்டளைகளுக்கு: வீடியோ, வாட்ஸ்அப், நன்கொடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் வாய்க்கால் தூர்வாரும் இளைஞர் குழு, மாலை வகுப்பு நடத்தும் டிரஸ்ட், பாரம்பரிய விதை நெல் காக்கிறவர்கள், முதியோர் இல்லம் என்று பலருக்கு ஏழெட்டு வருடமாக வீடியோ எடுத்துக் கொடுத்து வருகிறேன். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம், வரி வரும் இடங்களில் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

எங்களுடையது நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன டிரஸ்ட். பணம் கொடுக்கிறவர்களும் தெரிந்தவர்கள்தான். எங்களுக்கு வீடியோ எதற்கு?

தெரிந்தவர்கள் கொடுக்கிறார்கள் என்பதால்தான் வேண்டும். ஆடி மாதம் பேராவூரணிப் பக்கம் மொய் விருந்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்: பணத்தை நீட்டினால் பெயர், ஊர், தொகை மூன்றும் நோட்டில் ஏறிய பிறகுதான் அடுத்த ஆள். அத்தனை பணம் கை மாறும் இடத்தில் அந்த நோட்டை நம்பித்தான் ஊரே வருகிறது. மொய்யாவது என்றைக்காவது நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வந்துவிடும். நன்கொடை திரும்பி வராது. கொடுத்தவருக்குத் திரும்பி வரக்கூடியது, அந்தப் பணம் என்ன ஆயிற்று என்ற சேதி மட்டும்தான். அதைக்கூட அனுப்பாமல் அடுத்த வருடமும் அவர் வாசலிலேயே போய் நிற்கிறோம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் பாருங்கள். தான் கொடுத்ததும், அக்கன் (அக்கா) கொடுத்ததும், பெண்டுகள் கொடுத்ததும், ‘மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது அங்கே இருக்கிறது. கொடுத்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் நிறைகல்லால் எடை போட்டது வரை எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவர் யார், கொடுத்தது என்ன, அதன் நிறை எவ்வளவு என்று ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த மண்ணில் கல்லில் வெட்டினார்கள். நம் கையில் போன் இருக்கிறது.

திருப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் சொன்னார்: “ஐயாயிரம் கொடுத்தேன். வாய்க்கால் வெட்டினாங்களா இல்லையான்னு எங்க அம்மாகிட்ட போன் போட்டுக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.” மறு வருடம் அவர் கொடுக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை, மறந்துவிட்டார். நான் பார்த்தவரை டிரஸ்ட்டுகள் நன்கொடையாளரை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான், சத்தமில்லாமல். ஆகவே வீடியோ என்பது முதலில் கொடுத்தவருக்குச் சொல்லும் பதில். புது ஆட்களைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வீடியோ எதைப் பற்றி எடுக்கலாம்?

தலைவர் பேசும் வீடியோ வேண்டாம். குத்துவிளக்கு, சால்வை, பேனர் வேண்டாம். தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் அதற்கு வாய்க்காலைவிட நல்ல விஷயம் எனக்குத் தெரிந்து இல்லை.

மேட்டூர் திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. எல்லா வருடமும் அந்த நாளில் திறந்துவிடுவதில்லை. ஆனாலும் குறுவைக்காரர் எல்லாரும் அந்தத் தேதியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைமடையைத் தொடுவதற்குப் பல நாள் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் நீங்கள் தூர்வாருகிறீர்கள் என்றால், தண்ணீர் வரும் வரைக்குமான ஒரு முழுக் கதை உங்கள் கையில் இருக்கிறது.

வேலை தொடங்கும் முன்பே போய், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் நின்று, போனை மார்பு உயரத்தில் பிடித்து, ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கும் வாய்க்காலை 20 வினாடி எடுங்கள். போனைத் திருப்ப வேண்டாம், ஜூம் வேண்டாம். பொக்லைன் ஓடும்போது அதே கோட்டில் நின்று இன்னொரு 20 வினாடி. தண்ணீர் வரும் அன்று மூன்றாவது 20 வினாடி. மூன்றையும் அடுத்தடுத்து ஒட்டினால் பின்னணிக் குரலே தேவைப்படாது. இந்தக் கோடு போடாமல் விட்டவர்கள்தான் பிறகு, “அண்ணே, முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்ட ஒரு படம்கூட இல்லையே” என்று வருகிறார்கள். போனது போனதுதான். வெட்டிய வாய்க்காலை மறுபடி தூர்த்துக் காட்ட முடியாது.

தண்ணீர் வரும் அன்று எப்படியாவது அங்கே இருங்கள். காய்ந்து வெடித்த தரையில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் ஊர்ந்து வரும். பக்கத்தில் பிள்ளைகள் ஓடும். அந்தப் பத்து வினாடியைப் பார்த்துவிட்டு மஸ்கட்டிலிருந்து ஒருவர் எனக்குப் போன் செய்து, வெகுநேரம் அந்தப் பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அதிலிருந்துதான் குதிப்பாராம்.

பிறகு ஒரு விவசாயியிடம் பேச்சு வாங்குங்கள். “எங்க டிரஸ்ட்டைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டால் அவர் மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார். “போன வருஷம் இந்த வயல்ல என்ன செஞ்சீங்க ஐயா?” என்று கேளுங்கள். ஒருவர் இப்படிப் பதில் சொன்னார்: “எங்க தம்பி செய்யிறது? தண்ணி அந்த வளைவோட நின்னுபோச்சு. நடவே நடல.” அவ்வளவு போதும்.

கடைசியாகக் கணக்கு. பொக்லைன் எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன வாடகை, டீசல், ஆட்களுக்குச் சாப்பாடு, வசூல் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டி, வாயாலும் படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் அம்மாக்களும் பார்ப்பார்கள். மிச்சம் 1,340 ரூபாய் என்றால் அந்த 1,340ஐயும் சொல்லுங்கள்.

வாய்க்கால் இல்லாதவர்களுக்கும் இந்த மாதிரி வேலை உண்டு. பாரம்பரிய நெல் விதைகளைக் காத்த நெல் ஜெயராமன், ஆதிரெங்கத்தில் தான் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்து, மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கும் முறையை வைத்தார். விதை போவதையும் பெருகி வருவதையும் எடுத்தால் அதுவே ஒரு முழு வீடியோ. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் மாதிரி பாரம்பரிய நெல்லைக் காக்கும் குழுக்கள் இதைத்தான் எடுக்க வேண்டும். அரங்கத்தில் பேசுவதை அல்ல.

உதவி வாங்குகிறவர் முகத்தைக் காட்டலாமா? முகம் தெரியாவிட்டால் யார் நம்புவார்கள்?

இந்தக் கேள்விக்கு என் தப்பிலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. சில நாள் கழித்து ஒரு குழுவோடு தார்ப்பாயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு பாட்டி தார்ப்பாயை வாங்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. எடுத்தேன். வீடியோவின் முதல் காட்சியாகவே வைத்தேன். வாட்ஸ்அப்பில் வேகமாகப் பரவியது, பணமும் வந்தது. இரண்டு மாதம் கழித்து அதே ஊருக்குப் போனபோது பாட்டி வாசலுக்கு வரவில்லை. மகன் வந்தார். “தென்னந்தோப்பு வச்சிருந்தவங்க தம்பி நாங்க. பத்து பேருக்குச் சோறு போட்டவங்க எங்கம்மா. சம்பந்தி வீட்ல அந்த வீடியோவைப் பாத்துட்டு எங்களை என்னன்னு கேட்டாங்க தெரியுமா?” என்றார். அவர் சத்தம்கூடப் போடவில்லை. வீடியோவை அன்றே நீக்கினேன். போனிலிருந்து போனுக்குப் போய்விட்டதை யார் நீக்குவது? எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு கொடுக்கிற நேரத்தில் நான் கேமராவைத் திறப்பதே இல்லை. ஒருவர் கையில் அரிசிப் பை இருக்கும்போது “எடுத்துக்கட்டுமா பாட்டி?” என்று கேட்டால், அவர் எப்படி மாட்டேன் என்பார்? இன்னொரு நாள் போய், டிரஸ்ட்காரர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். எங்கே போடப் போகிறீர்கள், யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். அவருக்கு யூடியூப் தெரியாது என்றால், “உங்க மருமக ஊர்லயும் பாக்கலாம்” என்று புரியும்படி சொல்லுங்கள். முடித்த வீடியோவை வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அப்போது வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒரு வருடம் கழித்துச் சொன்னாலும் எடுத்துவிட வேண்டும்.

முகம் இல்லாமல் நம்பிக்கை வராது என்பது நாம் கட்டிக்கொண்ட நினைப்பு. ஓடு வேய்ந்த கூரை, புதுத் தையல் இயந்திரத்தில் ஓடும் கை, மருந்துச் சீட்டின் மேல் வைத்த மூக்குக்கண்ணாடி, இவையெல்லாம் சாட்சி. முகம் காட்டச் சம்மதிப்பவரிடமும் அவர் இல்லாமையைக் கேட்காதீர்கள். தெரிந்ததைக் கேளுங்கள். கோரைப்பாய் நெய்கிறவர் என்றால் பாயைப் பற்றிக் கேளுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டமே நிற்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரியவைக்கும் எந்த விவரத்தையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் இல்லம் நடத்துகிறவர்கள் பிறந்தநாள் கேக் வெட்டும் நன்கொடையாளரோடு பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துப் போடுவதை இன்றே நிறுத்த வேண்டும். மாலை வகுப்பு மாதிரி, வீட்டிலிருந்து வந்து போகும் பிள்ளைகள் என்றாலும் அப்பா அம்மாவிடம் தமிழில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்குங்கள். சீருடை, பள்ளிப் பலகை, தெருப் பெயர் தெரியாமல் எடுங்கள்.

போன் போதுமா, கேமரா வாங்க வேண்டுமா?

போன் போதும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் சட்டையில் மாட்டும் மைக் வாங்குங்கள். படம் சுமாராக இருந்தாலும் பார்த்துவிடுவார்கள், குரல் கேட்காவிட்டால் விரலால் தள்ளிவிடுவார்கள். நம் வயல்களில் காற்று விடாது, போன் மைக்கில் அது இரைச்சலாகத்தான் ஏறும். மைக் இல்லை என்றால் பேசுகிறவரை வைக்கோல் போருக்கு இந்தப் பக்கமோ மோட்டார் கொட்டகைச் சுவருக்குப் பின்னாலோ நிறுத்தி, இரண்டடி தள்ளி நின்று எடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கோயில் ஒலிபெருக்கி ஓடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். வெயில் ஏறுவதற்கு முன், அல்லது சாயங்காலம் நாலரைக்கு மேல் முகத்தில் நிழல் வெட்டாது. எடுப்பதற்கு முன் லென்ஸைத் துண்டால் துடையுங்கள். பாதி வீடியோக்களின் மங்கலுக்குக் காரணம் விரல் அழுக்குதான்.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

கணக்குச் சொல்லும் வீடியோ மூன்று நிமிடத்துக்குள் முடியட்டும். யூடியூப் ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை ஏற்கிறது. முதல் ஐந்து வினாடியில் “அனைவருக்கும் வணக்கம், எங்கள் அறக்கட்டளை தொடங்கப்பட்ட ஆண்டு” என்று ஆரம்பிக்காமல், காய்ந்த வாய்க்காலிலேயே ஆரம்பியுங்கள்.

யூடியூபா, இன்ஸ்டாகிராமா, வாட்ஸ்அப்பா? எதில் போட்டால் பணம் வரும்?

டெல்டாக் குழு என்றால் வாட்ஸ்அப்தான் முதலில். உங்களுக்குக் கொடுக்கக்கூடியவர்கள் ஏற்கெனவே உங்கள் ஊர் குரூப்பில், பழைய மாணவர் குரூப்பில், திருவிழாக் குரூப்பில் இருக்கிறார்கள்.

ஆனால் குரூப்பில் போட்டுவிட்டு நிற்காதீர்கள். குரூப்பில் போட்டது காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் காணாமல் போகும். கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் தனியாக, பெயர் சொல்லி அனுப்புங்கள்: “செல்வி அக்கா, நீங்க கொடுத்த பணத்துல வெட்டின வாய்க்கால் இது.” அறுபது பேர் என்றால் அறுபது செய்தி, இரண்டு சாயங்காலத்து வேலை. பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்து ஒரே தட்டலில் அனுப்பலாமே என்பார்கள். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அதனால்தான் பாதிப் பேர் வரவில்லை என்கிறார்கள். ரசீது கொடுக்கும்போதே “இந்த நம்பரை டிரஸ்ட் பேர்ல சேவ் பண்ணிக்கங்க” என்று கேட்டுவிடுங்கள். பலமுறை ஃபார்வர்ட் ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப விடுகிறது வாட்ஸ்அப். ஊர் ஊராகப் பரவும் என்று கணக்குப் போட வேண்டாம்.

யூடியூப் உங்கள் அலமாரி. எடுத்ததெல்லாம் தேதியோடு, ஊர்ப் பெயரோடு அங்கே இருக்கட்டும். “நாகை மாவட்டம், தலைஞாயிறு, வாய்க்கால் தூர்வாரல், 2024 மே” என்ற தலைப்பு அழகில்லாததுதான். ஆனால் மூன்று வருடம் கழித்துத் தேடுகிறவருக்கு அதுதான் கிடைக்கும். ஷார்ட்ஸ் விவரக் குறிப்பில் கொடுக்கும் இணைப்பைத் தட்டினால் திறக்காது, கமெண்டில் போட்டாலும் திறக்காது. அதில் நன்கொடை இணைப்பைப் போட்டுவிட்டு யாரும் கொடுக்கவில்லை என்று வருத்தப்பட்ட குழு ஒன்று எனக்குத் தெரியும். ஷார்ட்ஸிலிருந்து முழு வீடியோவுக்குத் தொடர்பு கொடுத்து, அதன் குறிப்பில் விவரத்தை வையுங்கள்.

இன்ஸ்டாகிராம் தன்னார்வலர்களைக் கூட்ட நல்லது. கல்லூரிப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். மரக்கன்று நட ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் வேண்டும் என்றால் ரீல்ஸ் போடுங்கள்.

கூகுள் மாதம் பத்தாயிரம் டாலருக்கு இலவச விளம்பரம் தருகிறதாமே?

உண்மைதான். லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கென்று கூகுள் நடத்தும் ‘கூகுள் ஃபார் நான்பிராஃபிட்ஸ்’ திட்டத்தில் சேர்ந்த அமைப்புகளுக்கு மாதம் 10,000 டாலர் வரை தேடல் விளம்பரம் கிடைக்கும். பணமாக வராது. யாராவது கூகுளில் தேடும்போது எழுத்து விளம்பரமாக உங்கள் பெயர் வரும், அவ்வளவுதான். பள்ளி, மருத்துவமனை நடத்தும் நிறுவனங்களுக்குக் கிடையாது. சொந்த இணையதளம் வேண்டும். விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 5 சதவீதம் பேராவது தட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் அது குறைந்தால் கணக்கு நின்றுவிடக்கூடும்.

என் கருத்து: வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் இறங்குங்கள். “பாரம்பரிய நெல் விதை எங்கே கிடைக்கும்” என்று தேடுகிறவர்கள் நிறைய. விதை நெல் குழுவுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஒரு தாலுகாவுக்குள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு, இரண்டு பேருந்து நிறுத்தத்தில் ஒட்டும் நோட்டீஸ் இதைவிடப் பலன் தரும்.

யூடியூபிலிருந்தே வருமானம் வராதா?

விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. அதைத் துரத்தப் போனால் அழுகிற முகங்களைத் தேட ஆரம்பிப்பீர்கள். வேண்டாம்.

பணம் எப்படிக் கேட்பது? க்யூஆர் கோடு போட்டால் போதாதா?

போதும், அந்தக் கோடு டிரஸ்ட்டின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருந்தால். செயலாளரின் சொந்த ஜிபே எண்ணைப் போடாதீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பணம் அனுப்பும்போது திரையில் தனி ஆள் பெயர் வந்தால் அனுப்புகிறவர் ஒரு நொடி தயங்குவார். நாளைக்கு வருமான வரித் துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். வீடியோவில் க்யூஆரைக் காட்டும்போது, “பணம் அனுப்பும்போது இந்தப் பெயர்தான் வரணும்” என்று டிரஸ்ட்டின் பெயரை வாயால் சொல்லுங்கள். உங்கள் வீடியோவை எடுத்து வேறு க்யூஆரை ஒட்டிப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

தொகையைச் சொல்லிக் கேளுங்கள். “தங்களால் இயன்றதை” என்பது மரியாதையான வார்த்தை. ஆனால் கேட்கிறவருக்கு எதுவும் விளங்காது. பொக்லைன் ஒரு மணி நேர வாடகை இவ்வளவு, நீங்கள் ஒரு மணி நேரம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். உபயம் என்ற வழக்கம் நமக்குப் பழக்கமானதுதான். ஒரு நாள் சாப்பாடு, ஒரு பிள்ளைக்கு ஒரு வருட நோட்டுப் புத்தகம் என்று வேலையைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுங்கள்.

எல்லாரும் 80ஜி என்று சொல்லிப் பழகிய வரி விலக்கைப் பற்றி மூன்று விஷயம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு விலக்கு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இந்த விலக்கு இல்லை. ஆகவே “வரி மிச்சம்” என்பதை வீடியோவின் முதல் வரியாக வைக்காதீர்கள். விலக்குத் தகுதி உள்ள டிரஸ்ட், நன்கொடையாளர் பட்டியலை ஆண்டுதோறும் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். க்யூஆரில் வெறும் 500 ரூபாய் என்று வந்து நிற்கும் பணத்துக்குப் பெயரும் முகவரியும் பான் எண்ணும் அன்றைக்கே கேட்டு வாங்காவிட்டால் மார்ச் மாதம் தேட முடியாது. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ரசீதில் என்ன அச்சடிப்பது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

வீடியோவைப் பார்த்துவிட்டு சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து அனுப்புகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: “உங்க பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது?”

இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வழக்கமான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அங்கே குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், நம் ஊரில் பிறந்தவராக இருந்தாலும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் வேலைக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். பணம் புதுடெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த தனிக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும்.

பாஸ்போர்ட்டைக் கேட்டால் சொந்தக்காரர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்குகிறார்கள். காரணத்தைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. வெளிநாட்டவர்கள் பார்க்கும் வீடியோவில், “இந்தியக் குடிமக்கள் மட்டும் நன்கொடை அனுப்பவும்” என்று ஒரு வரி எழுத்தில் போட்டுவிடுங்கள்.

புயல், வெள்ளம் வரும்போது என்ன செய்வது?

தேதியை வாயால் சொல்லுங்கள். “இன்னிக்கு நவம்பர் 18, ஞாயிறு, காலைல பத்து மணி, நாங்க நிக்கிறது இந்த ஊர்.” ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் பழைய வீடியோக்கள் புதிது மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும். தேதி சொன்ன வீடியோ அப்படித் தவறாகப் போகாது.

என்ன வேண்டும் என்பதைவிட என்ன வேண்டாம் என்பதை முதலில் சொல்லுங்கள். கஜா நேரத்தில் பள்ளிக்கூட வராந்தாக்களில் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து நாறிப்போன பழைய துணியை நான் பார்த்தேன். நல்ல மனசோடு அனுப்பியதுதான் அத்தனையும். “துணி வேண்டாம், தார்ப்பாயும் நாப்கினும் டார்ச் லைட்டும் வேண்டும், 200 வீட்டுக்கு” என்று 20 வினாடியில் சொல்லி அனுப்புங்கள். தேவை தீர்ந்த அன்றே “போதும், நிறுத்துங்கள்” என்று இன்னொரு வீடியோ போடுங்கள். போதும் என்று சொன்ன குழுவுக்கு அடுத்த தடவை கேட்காமலே பணம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சினிமாப் பாட்டு போடலாமா?

கூடாது. உரிமைக்காரர் கோரிக்கை வைத்தால் வீடியோவின் ஒலி போகும், அல்லது வீடியோவே போகும். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. அதைவிட நடவு நடும் பெண்கள் பாடுவதை, அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பெயரும் போட்டுச் சேருங்கள். தவளைச் சத்தமும் போதும்.

கமெண்டில் “கணக்கு எங்கே” என்று கேட்கிறார்கள். நீக்கிவிடலாமா?

நீக்காதீர்கள். கணக்குக் கேட்பது அவர் உரிமை. தேதியும் தொகையும் போட்டு அங்கேயே பதில் எழுதுங்கள். தாமதமானால் “வெள்ளிக்கிழமைக்குள் போடுகிறோம்” என்று எழுதி, வெள்ளிக்கிழமை போடுங்கள். சாதியைச் சொல்லித் திட்டுவது, உதவி வாங்கியவரை இழிவாகப் பேசுவது, இவற்றை யோசிக்காமல் நீக்குங்கள்.

சேனலை யார் பெயரில் திறப்பது?

டிரஸ்ட்டுக்கென்று ஒரு ஜிமெயில் திறந்து, அதில். ஒரு குழுவில் உற்சாகமான தம்பி ஒருவர் தன் சொந்த மெயிலில் சேனல் தொடங்கி, நாலு வருட வேலை முழுவதையும் ஏற்றினார். பிறகு குவைத்துக்கு வேலைக்குப் போனார், எண் மாறியது, பாஸ்வேர்டு மறந்தது. சேனல் இன்னும் இருக்கிறது, பார்க்கலாம், ஆனால் உள்ளே போக யாராலும் முடியவில்லை. அதிலிருக்கும் பழைய க்யூஆர் கோடு மூடிவிட்ட கணக்குடையது, அதை மாற்றவும் வழியில்லை. இரண்டு அறங்காவலர்களாவது உரிமையாளராக இருக்கட்டும். மீட்பு எண்ணாக டிரஸ்ட்டின் போன் எண்ணைக் கொடுங்கள், பாஸ்வேர்டைத் தாளில் எழுதிப் பதிவுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள். எடுத்த மூல வீடியோக்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஊர், வருடம் வாரியாகப் போட்டு அதே பீரோவில் வையுங்கள். கைப்பிடிச் சுவரில் போட்ட சுண்ணாம்புக் கோடு மழையில் அழிந்துவிடும். அடுத்த வருடம் அதே இடத்தில் நிற்க அந்தப் பழைய வீடியோதான் வேண்டும்.